வானத்தைப் பார்த்துவிட்டு வரும் வேலை

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம். வெள்ளை என்பது பேச்சுக்குத்தான், அடித்தது இளநீலம். பெயிண்ட் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பு அறையிலிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தார்.

“டீச்சர், செத்த இங்குட்டு வந்து பாருங்க. ரெண்டு கோட்டு அடிச்சிட்டேன், கீழ கருப்பு எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கு. எவுக இம்புட்டுத் தாழ்வா போர்டு அடிச்சாக? குனிஞ்சு எழுதுனா இடுப்பு ஒடிஞ்சுருமே!”

போய்ப் பார்த்தேன். அறையைச் சுற்றி, முழங்காலுக்கு மேலே இடுப்பு உயரம் வரை, நீலத்துக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை மங்கலாகத் தெரிந்தது. “அது நமக்கு இல்ல தம்பி, பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு கட்டம்” என்றேன். அவர் நம்பாமல் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது கோட்டுக்குப் பெயிண்டைக் கலக்கப் போனார். நான் மட்டும் அங்கேயே நின்றேன். முந்தானையை விலக்கி மூச்சை இழுத்தால் பெயிண்ட் வாடைக்குள் இன்னொரு வாடை வந்தது. கரியும் கோவை இலையும் கலந்த பச்சை வாடை. அது சுவரில் இருந்திருக்க வழியே இல்லை. என் மூக்கில்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பள்ளிக்கு நான் முதன்முதலாக வந்தபோது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. டவுன் பஸ் பிடித்து, மானகிரி தாண்டி இறங்கி, வரப்போரமாக நடந்தால் பள்ளிக்கூடம் வரும். இடையில் ஊர் ஊராக மாறுதலில் சுற்றிவிட்டு, இப்போது இங்கேயே தலைமையாசிரியராக வந்து சேர்ந்திருக்கிறேன். அன்றைக்கு இங்கே இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர், பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய சார்’. மற்றது நான். எனக்குப் பெயரே கிடையாது, வெறும் ‘டீச்சர்’.

செயல்வழிக் கற்றல் வந்த புதிது அது. பெஞ்சு போனது, பிரம்பு போனது, பாய் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே அறையில் வட்டம் வட்டமாக உட்கார வேண்டும். சுவரில் ‘ஏணிப்படி’ என்று நீளமாக ஒரு படம் தொங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தட்டிலிருந்து தன் சின்னம் போட்ட அட்டையைத் தேடி எடுத்து, படித்து முடித்து, அடுத்த படிக்கு ஏற வேண்டும். முடியாத இடத்தில் மட்டும் டீச்சர் வருவாள். கேட்கச் சுகமாக இருக்கிறதல்லவா? பயிற்சியில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. வகுப்பில் ஆரம்பித்த முதல் நாள் வாரச்சந்தை தோற்றது. எல்லாரும் எழுந்து நடக்கிறார்கள், எல்லாரும் அட்டை தேடுகிறார்கள், எல்லாரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் குரலே இல்லை.

ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். நான் உட்கார்ந்தேன். பெரிய சாரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, “உக்காந்துருவேன் டீச்சர். எந்திரிக்கும்போது நீங்க தூக்கி விடுவீகளா?” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஐந்தாம் வகுப்பை அவர் தன் நாற்காலியோடு வைத்துக்கொண்டார். எங்கள் அறையில் நடக்கிற கூத்தை வாசலில் நின்று பார்த்து, ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போவார்.

சுவரைச் சுற்றி அடித்த கறுப்புப் பட்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டா இல்லாத குறைதான். தன் கட்டத்துக்குள் பக்கத்துப் பிள்ளையின் சுண்ணாம்புக் கட்டி அரை இஞ்சு நுழைந்தால் போதும், பஞ்சாயத்து என்னிடம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டம் பூசுகிற நாள். வேலியில் படர்ந்த கோவை இலையைப் பறித்து, அடுப்புக் கரியோடு கசக்கி, அவரவர் கட்டத்தில் அவரவர் தேய்க்க வேண்டும். தேய்த்து முடிக்கும்போது போர்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு கறுப்பு முகத்திலும் இருக்கும். எல்லாரும் ஒரே வாடை அடிப்பார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்தால் நானும் அடித்திருப்பேன்.

தலைக்கு மேலே கம்பிகளை இழுத்துக் கட்டி, அதற்குப் பந்தல் என்று பேர். பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். காற்றடித்தால் வகுப்பே சலசலக்கும். நான் கொஞ்சம் உயரம். ஒரு நாள் யாரோ வரைந்த யானை கிளிப்போடு என் கொண்டையில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டது. கண்டக்டர்தான் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, “டீச்சர், தலையில ஆனை இருக்கு” என்றார். வழியெல்லாம் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. புதுப் புடவை நன்றாக இருக்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

காலையில் வந்ததும் பிள்ளைகளுக்கு வேலைகள் உண்டு. தங்கள் வருகையைத் தாங்களே பதிய வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் நகம், பல், தலைமுடி பார்க்க வேண்டும். என் நகத்தையும் விட மாட்டார்கள். எல்லாவற்றிலும் மதிப்பான வேலை வானிலை வேலை. முறை வைத்து ஒரு பிள்ளை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டும். பிறகு வானிலை வட்டத்தில் அம்பைத் திருப்பி வைக்க வேண்டும். வட்டத்தில் வெயில், மேகம், மழை, காற்று என்று நாலு படம். ஆப்பிள் பெட்டி அட்டையில் நானே வெட்டி வரைந்தது. அம்புக்கு மட்டும் கெட்டியான மஞ்சள் அட்டை வேண்டியிருந்தது. சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை வீட்டில் மிச்சம் கிடந்தது, அதில் வெட்டினேன். வெட்டின இடத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று சிவப்பு எழுத்து அப்படியே தங்கிவிட்டது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாத்தாள் கவனித்தாள். மூன்றாம் வகுப்பு, ஏணியில் எல்லாருக்கும் முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள். புதிதாக வாசிக்க வந்த பிள்ளைகளுக்கு ஒரு வெறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். தீப்பெட்டி, பஸ் போர்டு, புளி மடித்த காகிதம், எதையும் விடாமல் வாசித்துத் தள்ளுவார்கள். அவள் அம்பை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ஓர் இடைவேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பத்திரிகை வச்சாத்தான கல்யாணத்துக்கு வருவாக? அதே மாதிரிதான் இது. அம்பு எதுக்கு நேரா இருக்கோ அதுக்குப் பத்திரிகை வச்சிருக்குன்னு அர்த்தம். தெனம் வெயிலுக்கே வச்சா வெயிலுதான வரும்?”

நான் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன். திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஐப்பசியில் அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் நெல் என்றால் வானத்தை நம்பித்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சோறு. அந்த வருஷம் விதைப்புக்கு ஒரு மழை கொடுத்துவிட்டு வானம் மறந்துபோனது. தீபாவளிக்குத் தூறியதோடு சரி. கண்ணாத்தாளின் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே வயல். பயிர் பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வருவதற்குள் தண்ணீர் காட்டாவிட்டால் வைக்கோல்தான் மிஞ்சும். அப்படி ஆனால் பொங்கல் கழித்துக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இதை அவளே என்னிடம் சொன்னாள், மனக்கணக்கு அட்டையைச் செய்துகொண்டே, தலை நிமிராமல்.

“திருப்பூர்ல ஏணிப்படி இருக்குமா டீச்சர்? நான் இங்க விட்ட படியில இருந்து அங்குட்டு ஏற விடுவாகளா?”

“விடுவாக” என்றேன். எனக்கு உறுதியாகத் தெரியாது. அவளை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு டீச்சருக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் முறை வரும் நாளில் வானத்தை மற்றவர்களைப் போலப் பார்க்க மாட்டாள். ஓடிப் போய், மைதானத்து நடுவில் நின்று, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய்ப் பார்ப்பாள், அங்கே ஒளிந்திருந்தாலும் இருக்கும் என்பது போல. வந்து சொல்வாள். “கெழக்கால ஒரு துண்டு மேகம், கைக்குட்டை அளவு. கொக்கு தாழப் பறக்குது. காத்து மேக்க இருந்து வருது.” ஒன்றும் கிடைக்காத நாளில் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்பாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். சொல்லிவிட்டு, அம்பை மட்டும் மழைக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்காருவாள்.

இங்கேதான் செல்வம் வருகிறான். அவனும் மூன்றாம் வகுப்பு. அப்பா கொத்தனார். ஊரார் வீட்டுக்கெல்லாம் தளம் போட்டுக் கொடுத்தவர், அந்த வருஷம்தான் தன் வீட்டுக்குச் சுவர் எழுப்பியிருந்தார். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தாகிவிட்டது. தகரக் கொட்டகையில் படுக்கை. பலகை அடித்துக் கம்பி கட்டி, தளம் போடுவதுதான் பாக்கி. அந்த நாளில் மழை பெய்தால் எல்லாம் போச்சு. ஆகவே கண்ணாத்தாள் அம்பை மழைக்குத் திருப்பினால், அவள் தலை மறைந்ததும் செல்வம் வெயிலுக்குத் திருப்புவான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் மறுபடி மழை. வானத்தைக் கேட்காமல் ஒரு நாளைக்குள் எங்கள் வகுப்பில் நாலு பருவமும் வந்து போகும்.

ஒரு நாள் சண்டை முற்றியது. “எங்க வீட்டுக்குக் கூரையே இல்ல, ஒனக்கு மழை கேக்குதா?” என்று அவன் கத்த, “எங்க வீட்டுல சோறு இருக்காது, ஒனக்குக் கூரை கேக்குதா?” என்று அவள் கத்த, வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வயல் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் மழைக்கட்சி. கொத்து வேலை, தச்சு வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் வெயில்கட்சி. இதெல்லாம் என் பயிற்சிக் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செல்வத்தின் அப்பா பள்ளிக்கு வந்தார். தளம் போடுகிற நாளில் வேலையாட்களுக்குச் சோறு போட்டு, வேண்டியவர்களையும் கூப்பிடுவது இங்கே வழக்கம். “ஞாயித்துக்கெழம தளம் போடுறோம் டீச்சர். நீங்களும் சாரும் சாப்புட வந்துரணும்” என்றார். நான் பதில் சொல்வதற்குள் பாயிலிருந்து கண்ணாத்தாள் எழுந்துவிட்டாள்.

“அன்னைக்கி மழை பேஞ்சா என்ன செய்வீக மாமா?”

“குடி கெட்டுச்சு. சிமிட்டி பூராம் கரைஞ்சு ஓடிரும்.”

“மறுநா பேஞ்சா?”

கொத்தனார் சிரித்தார். “மறுநா பேஞ்சாக் கையெடுத்துக் கும்புடுவேன் தாயி. தளம் காஞ்சுறக் கூடாதுல்ல? மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். அடிபம்புல இருந்து கொடங்கொடமாத் தூக்கி ஊத்தணும். இந்தா நிக்கிறானே, இவனும் இவுக ஆத்தாளுந்தேன் தூக்கணும்.”

“பாத்தியா? எங்க வயல்ல கட்டுற மாதிரியா?”

“அதே பாத்திதேன்.”

கண்ணாத்தாள் செல்வத்தைப் பார்த்தாள், செல்வம் கண்ணாத்தாளைப் பார்த்தான். குடம் தூக்க வேண்டியவன் அவன் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரியும் போல. வீட்டுக்கு மேலேயும் ஒரு வயல் இருக்கிறது, அதற்கும் தண்ணீர் வேண்டும் என்றால் பிறகு சண்டை எதற்கு? இடைவேளையில் ஒப்பந்தம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வரை வெயில். திங்கட்கிழமை காலையிலிருந்து மழை. யாரும் மீறக் கூடாது. நான் எவ்வளவோ நாள் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத ‘குழுவாகச் செயல்படுதல்’ அன்றைக்கு என்னைக் கேட்காமலே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைத்தபடி வெயில் வந்தது. கலவை இயந்திரம் சத்தம் போட, சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்ற, மத்தியானத்துக்குள் தளம் முடிந்தது. கறிக்குழம்பும் ரசமும் வெகு ஜோர். பெரிய சார் இரண்டு தடவை சோறு வாங்கினார். நான் எத்தனை தடவை வாங்கினேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை காலை செல்வமே தன் கையால் அம்பை மழைக்குத் திருப்பினான். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மழை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. செல்வம் குடம் தூக்கித் தூக்கி உள்ளங்கை சிவந்து வந்தான். வயலில் பயிரின் நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்போரமாக நடந்து வரும்போது அதைப் பார்க்காமல் வர நான் பழகியிருந்தேன். அம்பு மட்டும் மழையை விட்டு நகரவில்லை.

இந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. ஏணியைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பந்தலில் நெற்றியை முட்டிக்கொண்டார். பிறகு வானிலை வட்டத்துக்கு முன்னால் நின்றார். வெளியே வெயில் கண்ணைப் பறிக்கிறது. அம்பு மழையில் நிற்கிறது.

“இன்னைக்கு இங்க மழையா?” என்று பொதுவாகக் கேட்டார்.

கண்ணாத்தாள் எழுந்தாள். “மழை இல்ல சார். நாங்க கூப்புட்டுருக்கோம்.”

“கூப்பிட்டிருக்கீங்களா?”

“அதுலயே போட்டுருக்கு சார். வாசிங்க.”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று வாய்விட்டு வாசித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சித்தி மகள் கல்யாணத்தைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அம்பை வெயிலுக்குத் திருப்பினார். “நமக்கு என்ன வேணும்ங்கிறத இது காட்டக் கூடாதும்மா. வெளிய என்ன இருக்குங்கிறதத்தான் காட்டணும். பார்த்தத வைக்கணும், சரியா?” என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் மாதிரி எப்போதும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் கதவைப் பூட்டும்போது அம்பு வெயிலில்தான் நின்றது. மறுநாள் காலை திறந்தால் மழையில் நிற்கிறது. சாவி என்னிடம் ஒன்று, பெரிய சாரிடம் ஒன்று. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மஞ்சள் அம்பில் பழுப்பாக ஒரு விரல் ரேகை, மூக்குப்பொடி வாசனையோடு. நான் போய் நின்றதும் பெரிய சார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “ராத்திரி காத்து கொஞ்சம் பலமா அடிச்சுச்சு டீச்சர். திரும்பிருக்கும்” என்றார். பூட்டிய அறைக்குள் எப்படிக் காற்றடித்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில்தான் வயல்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாத்தாளின் முறை வந்தது. வெளியே போனவள் நெடுநேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போனாள், திரும்பி வந்தாள். வகுப்புக்கு முன்னால் வந்து நின்று, “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள். வழக்கம்போலப் போய் உட்காரவில்லை. அம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமல், தன் கையாலேயே அதை மழையிலிருந்து எடுத்து வெயிலுக்கு நேராக வைத்தாள்.

“பாத்தத வச்சுட்டேன்” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றைக்கு அட்டைகளை எடுக்கும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அத்தனை சின்னப் பிள்ளை, அவ்வளவு வேண்டிய ஒன்றுக்கு எதிராக, கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டாள். நான் படித்துப் பட்டயம் வாங்கி வந்தவள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா என்று இன்றைக்கும் சந்தேகம்தான்.

மத்தியானம் முட்டை போடும் நாள். தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது காற்று நின்றது. தெற்கே கறுத்தது. முதல் சொட்டு சாம்பார் அண்டாவில் விழுந்தது என்று சமையல் செய்கிற அக்கா கத்தினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கத்தியது எதுவும் கேட்கவில்லை. ஓட்டின் மேல் அப்படி ஓர் இரைச்சல். பிள்ளைகள் முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். பெரிய சார் வாசலில் நின்று, “முட்டைய நனைக்காதீகடா!” என்று சத்தம் போட்டார். வேகவைத்த முட்டைக்கு நனைந்தால் என்ன? யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் கண்ணாத்தாளைத் தேடினேன். மைதானத்தில் இல்லை. வகுப்புக்குள் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள், வட்டத்துக்கு முன்னால். முகத்தில் சந்தோஷத்தை விடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

“டீச்சர், அம்பு வெயில்லதான இருக்கு. பத்திரிகை வைக்காமயே வந்துருச்சே?”

“வந்துருச்சு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், எட்டி ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு, திரும்பி வந்து அம்பை மழைக்குத் திருப்பினாள். கூப்பிடுவதற்காக அல்ல, வந்துவிட்டதைச் சொல்வதற்காக. அது முடிந்த பிறகுதான் குதித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். ஈரக் கை பட்ட இடத்தில் சிவப்பு எழுத்து கொஞ்சம் கலைந்துபோனது.

அந்த மழை நாலைந்து நாள் விட்டு விட்டுப் பெய்தது. கண்மாய் நிறையவில்லை, ஆனால் பாதிக்கு வந்தது. பாதித் தண்ணீரில் முக்கால் விளைச்சல் எடுத்துவிட்டதாக அவள் அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். செல்வம் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தளத்தின் மேல் பாத்தி பாத்தியாக நின்ற தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டான். பொங்கல் கழிந்தது, திருப்பூர் பேச்சு எழவில்லை. கண்ணாத்தாள் ஏணியின் கடைசிப் படி வரை இந்தச் சுவரில்தான் ஏறினாள். இப்போது அவள் திருப்பூரில்தான் இருக்கிறாள். கல்யாணமாகிப் போனாள், வயிற்றுப்பாட்டுக்குப் போகவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிது. எப்போதாவது போன் செய்தால் முதல் கேள்வி, “அங்க மழையா டீச்சர்?”

ஏணிப்படியை எப்போது கழற்றினார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் வேறு ஊரில் இருந்தேன். அட்டைகள் போய்ப் புத்தகம் வந்தது, பந்தல் கம்பி துருப்பிடித்து அறுந்தது. வானிலை வட்டம் எந்த எலிக்குப் போனதோ. பெரிய சார் இப்போது இல்லை. கண்ணாத்தாள் அப்பாவின் வயலில் கல் ஊன்றிப் பிளாட் போட்டுவிட்டார்கள், கொடிகூடப் பறக்கிறது. வகுப்பில் பெரிய திரை மாட்டியிருக்கிறோம். நல்ல திரை, நான் குறை சொல்ல மாட்டேன். மழை வருமா என்று கேட்டால் என் கைபேசி சொல்லிவிடுகிறது. காலையில் ஒரு பிள்ளையை எழுப்பி, வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல் என்று அனுப்புகிற வேலைதான் பள்ளியில் யாருக்கும் இல்லை.

மூன்றாவது கோட்டில் கறுப்பு மறைந்துவிட்டது. பெயிண்டர் கூலியை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை புது நீல அறையில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணை எழுப்பி, “வெளிய போய் வானத்தப் பாத்துட்டு வாம்மா” என்றேன்.

“எதுக்கு டீச்சர்?”

“சும்மாதான். பாத்துட்டு வந்து சொல்லு.”

போனாள். வாசற்படியில் நின்றபடி தலையைத் தூக்கினாள். உடனே திரும்பி வந்துவிட்டாள்.

“பாத்தியா? என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.